ஐவியின் முகம்

ஆகஸ்டா ப்ரெண்டிஸோடு மேடையில் நிற்க ஒரு காலத்தில் பெரிய பெரிய நடிகர்களே பயந்தார்கள். அவள் அடிக்கவும் மாட்டாள், கடிக்கவும் மாட்டாள். பேசிக்கொண்டே இரண்டு அடி பின்னால் போவாள், அவ்வளவுதான். எதிரே நிற்கிறவன் அவளைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் திரும்பித்தானே ஆகவேண்டும்? திரும்பினால் சனங்களுக்குத் தெரிவது அவன் முதுகு. அவள் முகம் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று நிற்கும். சிகாகோவில் ஒரு கதாநாயகன், ஆறடி இரண்டு அங்குலம், தன் காதல் வசனம் முழுவதையும் பின்னால் தொங்கிய, ஏரி வரைந்த படுதாவிடம் சொல்லி முடித்தான். திரை இறங்கியதும் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"திருப்பிட்டா! அந்தப் பொம்பளை மூணே அடியில என்னைத் திருப்பிட்டா!"

உடுப்பு அறையில் அவளுக்கு முதுகுக் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்த டெலியா இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டெலியா அயர்லாந்துக்காரி. ஆகஸ்டாவுக்கு உடுப்பு மாட்டிவிடுவது, தலை வாரிவிடுவது, வசனத் தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பது, வாசலில் நிற்கிற ஆண்களை விரட்டுவது எல்லாம் அவள்தான்.

"ஏன் மேடம், பாவம் அந்த ஆளு. ஒரு தடவையாவது அவன் மூஞ்சியைக் காட்ட விட்டா என்ன?"

"நான் எங்கடி பண்ணினேன்? காலு தானாப் போகுது."

அது பொய்யில்லை. பதினைந்து வயதில் ஊர் ஊராகச் சுற்றுகிற கம்பெனியில் சேர்ந்தவள். அங்கே இன்றைக்கு முதுகைக் காட்டியவளுக்கு அடுத்த ஊர் விளம்பரத் தாளில் பேர் இருக்காது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கே முகத்தை வைப்பது, பக்கத்தில் இருக்கிற எதையும் மறுபக்கம் திருப்பிவிடுவது, இரண்டும் அவளுக்குக் கண்ணிமைப்பது மாதிரி ஆகிவிட்டன. யாராவது கண்ணிமைப்பதற்கு வெட்கப்படுவார்களா? அவளும் படவில்லை.

1912-இல் நாடகக் கம்பெனி நொடித்துப் போனது. அவளும் டெலியாவும் இரண்டு பெட்டியோடு லாஸ் ஏஞ்சலஸ் ரயிலடியில் வந்து இறங்கினார்கள். சினிமாக்காரர்கள் என்றால் அப்போது இந்த ஊரில் வீடே வாடகைக்குக் கொடுக்க மாட்டார்கள். 'நாய்க்கும் நடிகருக்கும் இடமில்லை' என்று வாசலிலேயே பலகை மாட்டியிருப்பார்கள். ஆகஸ்டாவுக்கே சினிமாவை நினைத்தால் குமட்டும். பேச்சில்லாமல் வாயைத் திறந்து மூடுவது என்ன நடிப்பு? அதனால் ஒரு நிபந்தனை போட்டாள். நடிக்கிறேன், ஆனால் என் பேரை எந்தப் படத்திலும் போடக் கூடாது, நாளைக்கு மேடைக்குத் திரும்பிப் போக வேண்டியவள் நான். சினிமாக் கம்பெனி முதலாளிக்குக் கொண்டாட்டம். பேர் தெரிந்தால்தானே நடிகை சம்பளம் கூடக் கேட்பாள்! சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். அவள், தான் நடித்த படத்தைக் கொட்டகைக்குப் போய்ப் பார்ப்பதும் கிடையாது. மேடைக்காரி தன்னைத் தானே பார்த்தால் கெட்டுப் போவாள் என்று ஒரு பிடிவாதம்.

பேர் போடாவிட்டால் என்ன, முகம் இருக்கிறதே. இரண்டே வருஷத்தில் அந்த முகத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. வயது முப்பது. கம்பெனி விளம்பரக்காரன் இருபத்திரண்டு என்று எழுதினான். கல்யாணமாகாத கன்னிப்பெண், காலையில் பால் மட்டும் குடிப்பாள், பைபிள் படிப்பாள் என்றெல்லாம் எழுதினான். அப்படி எழுதிக்கொண்டிருந்த 1915-இல்தான் அவள் வயிற்றில் ஐவி உண்டானாள்.

அப்பன் யார் என்ற கதை நமக்கு வேண்டாம். ஒரு நாடகக் கம்பெனியோடு வந்தான், அதே கம்பெனியோடு போனான். ஆகஸ்டா 'நுரையீரல் சரியில்லை' என்று சொல்லிவிட்டு நான்கு மாசம் பாலைவனத்துப் பக்கம் ஓர் ஊரில் போய் இருந்தாள். திரும்பி வரும்போது குழந்தை டெலியாவின் கையில் இருந்தது. அன்றையிலிருந்து டெலியா கணவனை இழந்தவள், ஐவி டெலியாவின் பிள்ளை. பேச ஆரம்பித்ததும் ஐவி டெலியாவை அம்மா என்றது. பெற்றவளைச் சித்தி என்றது.

டெலியா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"மேடம், கடைத்தெருவுல போட்டோ ஸ்டூடியோ ஒண்ணு திறந்திருக்கான். பிள்ளைக்கு ஒரு வயசு ஆகப் போகுது. ஒரே ஒரு போட்டோ."

"உனக்கு மூளை இருக்கா? என் மூக்கு அப்படியே அதுக்கு இருக்கு. போட்டோக்காரன் பார்த்தான்னா பத்திரிகைக்காரன்கிட்டப் போய் வித்துடுவான். முடியாது."

"மூக்கைக் கையால மறைச்சுக்கச் சொல்றேன்."

"டெலியா!"

டெலியா அதோடு விட்டாள். ஆனால் மறக்கவில்லை.

1917 கோடையில் கம்பெனி ஒரு வெள்ளப் படம் எடுத்தது. அணை உடைந்து வீடு மூழ்க, ஓட்டுக் கூரைமேல் ஒரு தாய் குழந்தையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிய தொட்டி கட்டி, தண்ணீர் நிரப்பி, கூரையை மிதக்கவிட்டு, பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீரைச் சரிக்க ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். கூலிக்கு வந்த குழந்தைக்கு அன்று காலையில் பார்த்துக் காய்ச்சல். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "யார் வீட்டுலயாவது ஒரு பிள்ளை இருக்காதா?" என்று கத்தினார். ஆகஸ்டா யோசித்துச் சொன்னாளா, யோசிக்காமல் சொன்னாளா, அவளுக்கே தெரியாது.

"என் டெலியாவோட பிள்ளை இருக்கு."

டெலியா தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அம்மா கண்ணில் பட்டால் பிள்ளை தாவும் என்று டைரக்டர் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார். வெளியே நின்று ஐவி அழுகிற சத்தத்தை மட்டும் கேட்டாள். பிறகு அதுவும் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து நனைந்த பிள்ளையை ஒரு போர்வையில் சுற்றி வெளியே கொடுத்தார்கள்.

"போட்டோ எடுக்க மாட்டேன்னீங்க. இப்பப் பாத்தீங்களா, ஊரு பூரா ஓடப் போகுது பிள்ளை!" என்று அன்றைக்கு டெலியா சிரித்தாளே ஒரு சிரிப்பு, அது மாதிரி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

படம் மெயின் தெருக் கொட்டகைக்கு வந்த வாரம் ஐவிக்குத் தட்டம்மை. மூன்று நாளில் படத்தை மாற்றிவிட்டார்கள். போனால் போகிறது, பிள்ளைதான் வீட்டில் இருக்கிறதே என்று டெலியா விட்டுவிட்டாள்.

மறுவருஷம் அக்டோபரில் விஷக் காய்ச்சல் வந்தது. கொட்டகைகளை மூடினார்கள், பள்ளிக்கூடங்களை மூடினார்கள், தெருவில் போகிறவர்களெல்லாம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு போனார்கள். ஆகஸ்டா மலைப்பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்பில் இருந்தாள். தந்தி போய்ச் சேர்வதற்குள் ஐவி போய்விட்டது. மூன்று வயது நிரம்பவில்லை. கல்லறையில் ஐவி என்று போட்டு டெலியாவின் குடும்பப் பேரைச் சேர்த்து வெட்டினார்கள். பெற்றவள் மூன்றாவது வரிசையில், கறுப்பு வலை போட்ட தொப்பியோடு, வேலைக்காரியின் துக்கத்துக்கு வந்த எஜமானியாக நின்றாள். அடுத்த வாரம் ஒரு சிரிப்புப் படத்தில் அவள் ஊஞ்சலாட வேண்டியிருந்தது. ஆடினாள்.

அதற்குப் பிறகு அவள் தொழில் போன போக்கைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கதாநாயகி, கதாநாயகியின் அக்கா, அம்மா, அம்மாவின் தோழி, கடைசியில் விருந்துக் காட்சியில் கோப்பையோடு நிற்கிற நாற்பது பேரில் ஒருத்தி. பேசும் படம் வந்தபோது, உங்களுக்கென்ன, மேடைக் குரலாச்சே என்றார்கள். அந்தக் குரல் மைக்கைக் கிழித்தது. 1937-இல் வயது ஐம்பத்து மூன்று. நல்ல மாலைநேர கவுன் ஒன்று சொந்தமாக இருந்ததால் கூட்டத்தில் முன் வரிசை கிடைத்தது. அந்த கவுனை டெலியாதான் ஒட்டுப்போட்டு வைத்திருந்தாள். இப்போது அதுவும் முடியாது. டெலியாவின் இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். ஆகஸ்டா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால் தடவித் தடவிப் பித்தான் மட்டும் தைப்பாள்.

ஒரு வாடகை வீட்டின் மாடியில் இரண்டு அறையில் இரண்டு கிழவிகளும் இருந்தார்கள். சண்டை போடாத நாள் கிடையாது. காப்பியில் சர்க்கரை, ஜன்னல் காற்று, எதைப் பிடித்து ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

"ஒரு போட்டோ கேட்டேன். ஒண்ணே ஒண்ணு."

அதற்கு ஆகஸ்டா பதில் சொல்ல மாட்டாள். என்ன சொல்வாள்? அவளுக்கு ஐவியின் முகம் மறந்துவிட்டது. இது டெலியாவுக்குத் தெரியாது. எப்போது மறந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் தேடிப் பார்த்தாள், இல்லை. நெற்றி வந்தால் வாய் வராது. மூக்கு தன் மூக்குதான், அது கண்ணாடியில் இருக்கிறது. மற்றதெல்லாம் எங்கே? ஒரு பிள்ளையைப் பெற்று, அதன் முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவளை என்னவென்று சொல்வது? ஊரில் நடந்து போகிற குழந்தைகளையெல்லாம் நின்று பார்த்தாள். எதுவும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த வெள்ளப் படத்தைப் பதினைந்து வருஷமாகத் தேடினாள். எங்கே போய்க் கேட்டாலும், "என்ன பேர்ல நடிச்சீங்க?" என்றார்கள். பேர் இல்லை என்றாள். "படத்துப் பேர்?" அதை மறுபடி வெளியிட்டபோது கம்பெனி மாற்றிவிட்டது, என்னவென்று தெரியாது. சின்னப் பையன்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பல்லைக் குத்திக்கொண்டு, பாவமாகப் பார்த்தார்கள். பேர் வேண்டாம் என்று அன்றைக்கு அடம் பிடித்தவள் யாரைப் போய் நொந்துகொள்வது?

மார்ச் மாசம் ஒரு காலையில் கீழே போன் வந்திருப்பதாக வீட்டுக்காரி கூப்பிட்டாள். பேசியது அக்ஸெல். ஸ்வீடன்காரர், அந்தக் காலத்துக் கேமராக்காரர். அவள் படங்களில் பாதிக்கு மேல் கைப்பிடியைச் சுற்றியவர் அவர்தான். இப்போது படம் கழுவுகிற ஒரு கூடத்தின் கிடங்கில் வேலை பார்த்தார். பழைய சுருள்களை வெள்ளி எடுக்க உருக்கிவிடுவார்கள், எதை உருக்கலாம் என்று பிரித்துப் போடுவது அவர் வேலை.

"ஆகஸ்டாம்மா, உட்கார்ந்துகிட்டுப் பேசறீங்களா, நின்னுகிட்டா?"

"நின்னுகிட்டுத்தான். என்ன?"

"உட்காருங்க. நம்ம வெள்ளம் கிடைச்சிருக்கு."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"இரண்டாம் சுருள். கூரை, தொட்டி எல்லாம் இதுலதான். ஆனா ஒண்ணு, நல்லாக் கேட்டுக்குங்க. படம் சுருங்கிப் போயிருக்கு, ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிஞ்சு கிடக்கு. மோட்டார்ல போட்டா நொறுங்கிடும். பழைய கைமெஷின் ஒண்ணு இருக்கு, மெதுவாச் சுத்தறேன். ஒரு தடவைதான் ஓடும். ரெண்டாம் தடவை கேட்காதீங்க. நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வாங்க. மூணு மணிக்கு உருக்குறதுக்கு வண்டி வந்துடும்."

மறுநாள் டெலியா காலை ஆறு மணிக்கே எழுந்து தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டை அவித்து, ரொட்டியில் வெண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"பிக்னிக்குக்கா போறோம்?" என்றாள் ஆகஸ்டா.

"அக்ஸெல் சாப்பாட்டு நேரத்தை விட்டுக் குடுக்கறாரு. அவருக்கு."

"உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே டெலியா. எதுக்கு வர்றே?"

"தெரியாட்டி என்ன? நீங்க பார்த்துச் சொல்லுங்க. என் பிள்ளையைப் பார்க்க நான் வராம இருப்பனா?"

என் பிள்ளை. ஆகஸ்டா அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ட்ராமில் ஏற்றினாள்.

கிடங்கு ஒரே நாற்றம். கெட்டுப் போன படச்சுருள் துவைக்காத காலுறை மாதிரி நாறும். அக்ஸெல் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, இரண்டு நாற்காலி போட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டியிருந்தார். கிழவருக்கும் ஒரு கண் போய்விட்டது. அந்தக் காலத்து விளக்குகள் தின்றுவிட்டன.

"இப்படிப் பண்ணலாம். பிள்ளை முகம் நல்லாத் தெரியற இடம் வந்ததும் கையைத் தூக்குங்க. நான் நிறுத்த முடியாது, நிறுத்தினா விளக்குச் சூட்டுல பத்திக்கும். ஆனா அந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கறேன். அப்புறம் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டோ போட்டுத் தர்றேன். எத்தனை தடவை வேணும்னாலும் தூக்குங்க."

"போட்டோவா?" என்றாள் டெலியா. "அக்ஸெல், நீங்க நல்லா இருக்கணும்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா அக்ஸெல்? அவ எப்படி இருந்தா?" என்று ஆகஸ்டா மெல்லக் கேட்டாள்.

"பொய் சொல்ல மாட்டேம்மா. நான் உங்க முகத்தைப் பார்த்து ஃபோகஸ் வெச்சவன். வேற எதையும் பார்க்கலை."

விளக்கைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தார். மெஷின் கடகடவென்றது. துணியில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடின. மீசைக்காரன் ஒருவன் அணையைப் பார்த்துக் கையை ஆட்டினான். ஆட்கள் ஓடினார்கள். ஒரு மாடு ஓடியது. ஆகஸ்டா வலது கையை மடியில் தயாராக வைத்திருந்தாள்.

"வந்துட்டாளா?" டெலியா கிசுகிசுத்தாள்.

"இன்னும் இல்லை."

கூரை வந்தது. தண்ணீர். கூரையின் உச்சியில் தலைமயிர் விரிந்த ஓர் இளம்பெண், மார்போடு அணைத்த குழந்தை.

"வந்துட்டா," என்றாள் ஆகஸ்டா.

டெலியா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை தலையில் கம்பளித் தொப்பி. முதுகு தெரிந்தது. தாயின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தது. இப்போது திரும்பும், இப்போது திரும்பும் என்று ஆகஸ்டா காத்திருந்தாள். பீப்பாய்த் தண்ணீர் வந்து மோதியது. திரையில் இருந்தவள் அலையைப் பார்த்துத் திரும்பினாள். அவளோடு குழந்தையும் திரும்பியது. ஆனால் குழந்தையின் முதுகுதான் இந்தப் பக்கம் வந்தது. அவள் முகம் பளிச்சென்று நின்றது. அடடா, என்ன முகம்! பயம், பாசம், கடவுளே என்கிற கெஞ்சல் எல்லாம் அதில் இருந்தன. பக்கத்தில் ஒரு கம்பளித் தொப்பியின் பின்புறம்.

மறுபடி ஓர் அலை. அவள் இடமிருந்து வலமாக நகர்ந்தாள். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குக் குழந்தையை மாற்றினாள். மாற்றும்போதாவது தெரிய வேண்டுமே? தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாக மாற்றினாள். சிகாகோ ஆள் ஆறடி இரண்டு அங்குலம். அவனையே மூன்று அடியில் திருப்பியவளுக்கு ஒன்றே முக்கால் வயசுப் பிள்ளை எம்மாத்திரம்?

'திரும்புடி,' என்று ஆகஸ்டா வாய்க்குள் சொன்னாள். 'ஐவி, இங்கே பாரு. சித்தி இங்கே இருக்கேன், பாரு.'

அது திரும்பியது. சத்தியமாகத் திரும்பியது. கதவுக்கு வெளியே அம்மா இருக்கிறாள் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு சின்ன முஷ்டியை அவள் தோளில் ஊன்றிக்கொண்டு, தலையைத் தூக்கி, மெதுவாகக் கேமராப் பக்கம் திருப்பியது. காது தெரிந்தது. கன்னத்தின் ஓரம் தெரிந்தது. ஆகஸ்டாவின் கை மடியிலிருந்து எழும்பியது.

அதே நேரத்தில் திரையிலும் ஒரு கை எழும்பியது. அழகான, நீண்ட விரல்கள். அந்தக் கை குழந்தையின் தலையைப் பின்னாலிருந்து பிடித்து, மிகவும் அன்பாக, ஒரு தாய் செய்கிற மாதிரியே, மறுபடி தோளுக்குள் திருப்பி அழுத்தியது. அதற்கு மேலே அவள் முகம், கண்ணீரோடு, வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்ந்தது.

பிறகு ஒரு படகு வந்தது. யாரோ கை நீட்டினார்கள். வெள்ளைக் கோடுகள் ஓடின. சுருளின் வால் படபடவென்று அடித்துக்கொண்டது. அக்ஸெல் விளக்கை அணைத்து ஜன்னல் துணியை விலக்கினார். மெஷினுக்குக் கீழே கூடை நிறையப் படத்தின் சுக்கல்கள் கிடந்தன.

"கையைத் தூக்கவே இல்லையே அம்மா," என்றவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவரும் நடிகர்களோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்தானே. சுற்றிக்கொண்டே அந்த ஒற்றைக் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"ஏன் தூக்கலை?" டெலியா பதறினாள். "மேடம்? ஏன் தூக்கலை? அக்ஸெல், போட்டோ?"

அக்ஸெல் கூடையைப் பார்த்தார். "அவங்க தூக்கினாங்க டெலியாம்மா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நான் குறிச்சும் வெச்சேன். ஆனா அந்த இடமே நொறுங்கிப் போச்சு. வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லை. மன்னிச்சுடுங்க."

டெலியா ரொட்டியை எடுத்து, கையால் துழாவி, அவரிடம் கொடுத்தாள்.

ட்ராம் நிற்கிற இடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பேசாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஆகஸ்டா நினைத்தாள். டெலியா விடுவாளா?

"சரி, போட்டோ போனா போகட்டும். நீங்க பார்த்தீங்கல்ல. சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"எல்லாம்தான். தொப்பி போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா. கம்பளித் தொப்பி."

"நான் பின்னினது! அப்புறம்?"

"உன் பிள்ளை முஷ்டியை மடக்கிட்டு என் தோள்ல குத்தினா."

"குத்துவா, குத்துவா." டெலியாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "முகம் நல்லாத் தெரிஞ்சுதா?"

இந்த இடத்தில் ஆகஸ்டா உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரியலைடி, நான் காட்டலை, உன் பிள்ளையையும் நான் திருப்பிட்டேன். நாலு வார்த்தைதான். ஒரு போட்டோ கேட்டேன் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம், புரை விழுந்த கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம், எப்படிச் சொல்வது? இவளும் எழுந்து போய்விட்டால் உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

"நல்லாத் தெரிஞ்சுது," என்றாள்.

"அழுதாளா? வெளியில எனக்குக் கேட்டுதே."

"முதல்ல அழுதா. அப்புறம் சிரிச்சா."

"சிரிச்சாளா! சிரிச்சா அந்தக் குழி விழுமே, விழுந்துச்சா?"

குழி விழுமா? ஐவிக்குக் கன்னத்தில் குழி விழுமா? அது கூட ஆகஸ்டாவுக்குத் தெரியவில்லை.

"விழுந்துச்சு."

"எந்தக் கன்னத்துல?"

மேடையில் வசனம் மறந்தால் நிற்கக் கூடாது. நின்றால் செத்தோம். எதையாவது தைரியமாகச் சொல்லிவிட வேண்டும். நாற்பது வருஷத்துப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"இடது கன்னத்துல."

ஒரு லாரி கடந்து போயிற்று.

"இடதா?"

"ம்."

"பாருங்க மேடம், கிழட்டு மூளையை." டெலியா சின்னதாகச் சிரித்துத் தலையை ஆட்டினாள். "தினமும் ஜெபமாலை முடிச்சதும் கண்ணை மூடிக்கிட்டு அவ முகத்தை ஒரு தடவை பார்த்துக்குவேன். நெத்தி, புருவம், மூக்கு, வாய். கடைசியா அந்தக் குழி. இத்தனை வருஷமா வலது கன்னத்துலன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். தப்பாவே பார்த்துட்டு இருந்திருக்கேன். பெத்த தாய் மாதிரி வளர்த்துட்டு, அந்தக் குழி எங்கேன்னு தெரியலை பாருங்க."

ஆகஸ்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முகம் எரிந்துபோகாமல், நொறுங்கிப்போகாமல், இருபது வருஷமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. தினமும் சண்டை போட்ட அதே வீட்டில், அடுத்த கட்டிலில், இந்தக் குருட்டுக் கிழவியின் தலைக்குள் இருந்திருக்கிறது. ஒரு தடவை கேட்டிருந்தால் நெற்றியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. இப்போது அதிலும் கையை வைத்தாயிற்று.

"டெலியா, வலதாத்தான் இருக்கும். எனக்குச் சரியாத் தெரியலை. படம் பழசு, ஒரே கோடு. நீ நெனச்சதுதான் சரி."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"இல்லைடி, சத்தியமா. வலதுதான்."

"கண்ணால பார்த்தது நீங்க. நான் குருடி. படத்துல இருக்கறது பொய் சொல்லுமா?" டெலியா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரலில் முள் இல்லை. "வருத்தப்படாதீங்க. இந்த ஒண்ணாவது சரியாத் தெரிஞ்சுதே. போட்டோ எடுக்க விடலைன்னு உங்களை எவ்வளவு பேசியிருக்கேன். இனிமே பேச மாட்டேன்."

சிவப்பு ட்ராம் வந்து நின்றது. ஆகஸ்டா அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். டெலியா கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தபடி, நெற்றி, புருவம், மூக்கு, வாய் என்று தன் முகத்திலேயே தொட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில் விரல் வலது கன்னத்துக்குப் போகும், நின்று, இடது பக்கம் மாறும். வீடு வந்து சேர்வதற்குள் அந்த விரல் நேராக இடது கன்னத்துக்கே போகப் பழகிவிட்டது.